முதல் வீட்டு மூன்று பேர்

பொழுது சாய்ந்ததும் டிக்ரிபஸ்தியில் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கட்டும், தொட்டிலில் பிள்ளை வீரிட்டு அழட்டும், மீன் பாதிச் செதில் சீவியபடி கிடக்கட்டும், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாக வேண்டும். மரகதத்தின் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். ஊர் நடுவில் ஒரு மேடு. மேட்டைத்தான் போர்ட் பிளேர் பக்கத்துத் தீவு இந்தியில் டிக்ரி என்பார்கள், ஊரை பஸ்தி என்பார்கள். அத்தனை வீட்டு வாசலும் அந்த மேட்டைப் பார்த்தபடிதான் இருக்கும். மேட்டின் மேல் கோயிலும் கிடையாது, தர்காவும் கிடையாது. ஒரு பட்டுப்போன மரத்தூணும், அதன் தலையில் துருவேறிய இரும்பு வளையமும்தான். அங்கே டிக்ரி சாமி இருக்கிறது என்று இந்துக்கள் சொல்வார்கள். அங்கே அடங்கியிருப்பது ஒரு அவுலியா என்று முஸ்லிம்கள் சொல்வார்கள். இதை வைத்து இரண்டு தரப்புக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. நாளெல்லாம் வயலிலும் காட்டிலும் மாடாய் உழைத்துவிட்டு வருகிறவனுக்குச் சண்டை போட ஏது தெம்பு?

வாசலில் நின்று வீட்டிலிருப்பவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் 'ஹாஜிர்' என்று சொல்ல வேண்டும். வந்திருக்கிறான், இருக்கிறான் என்று அர்த்தம். இத்தனை பேர் இருக்கிறோம், எங்களைக் கண்பார்த்துக்கொள் என்று சாமிக்குச் சொல்வதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒரு வீடு சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வீடு தொடங்கும். முதல் வீடு மரகதத்தினுடையது. அவள் வாய் திறக்காமல் ஊரில் அந்தி முடியாது.

"சொக்கலிங்கம், ஹாஜிர். மரகதம், ஹாஜிர். உதயசூரியன், ஹாஜிர்."

முதல் இரண்டு பேரும் வாசலில் நிற்பார்கள். மூன்றாமவன் நிற்க மாட்டான். உதயசூரியன் அவர்களுக்கு ஒரே மகன். டோங்கிப் படகில் ஏறி மீன்பிடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. டோங்கி மட்டும் குப்புறக் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அது ஆயிற்று ஒன்பது வருஷம். அன்று அந்தியிலும் மரகதம் வாசலுக்கு வந்து அவன் பேரைச் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். சாமி எண்ணிப் பார்க்கும்போது இவன் பேர் விட்டுப்போனால் இவனை மறந்துவிடுமே என்ற பயம். ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டு சேக் தாவூத், அவள் அந்த மூன்றாவது பேரைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, பிறகு தன் வீட்டுப் பேர்களைத் தொடங்குவான்.

இதில் திணறியவர் சொக்கலிங்கம்தான். அவர் ராமநாதபுரத்துக்காரர். காடு வெட்டக் கூலிக்கு வந்து, மரகதத்தைக் கட்டி, அவள் வீட்டோடு தங்கிவிட்டவர். இப்போது சிப்பிகாட் பண்ணையில் வேலை. ஆடி அமாவாசைக்குக் கழிமுகத்தில் இறங்கித் தன் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவார். மகனுக்கு மட்டும் விட முடியாது. பெண்டாட்டி அந்திதோறும் இருக்கிறான் என்று சத்தம்போட்டுச் சொல்கிற பிள்ளைக்கு, அப்பன் எந்த முகத்தோடு கருமாதி செய்வது? கேட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். ஒருமுறை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டும் பார்த்தார். மரகதம் மசியவில்லை. நாளாக ஆகக் கேட்பதை விட்டுவிட்டார். அந்த வீட்டில் இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தார்கள், ஆளுக்கொரு பக்கமாக.

ஆபீஸர் பக்தவத்சலம் வந்தது மழை ஓய்ந்த தை மாதத்தில். தீவில் பழசு என்று எது மிச்சமிருந்தாலும் பார்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று போர்ட் பிளேரில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். சொந்த ஊர் வேலூர். சிப்பிகாட் தாண்டி ஜீப் போகாது. அங்கிருந்து சேற்றில் நடந்து, காலெல்லாம் அட்டைக்கடியோடு வந்து சேர்ந்தவர், ஊரைப் பார்த்ததும் அட்டையை மறந்துபோனார். படாக் மரத் தூண்களையும் பலகைச் சுவர்களையும் இலைக் கூரைகளையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதுல ஒரு ஆணியைக்கூட மாத்தாதீங்க. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

தகரக் கூரைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒழுகுகிற கூரையை ஒழுகுகிறபடியே வைத்திருக்கச் சொல்ல ஒரு ஆபீஸரா என்று தோன்றியிருக்கும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வேறு விதமாக இறங்கியது. இது காப்பாற்ற வேண்டிய ஊர் என்று மேலே ஒத்துக்கொண்டால், பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வர ரோடு போடுவார்கள். ரோடு வந்தால் பின்னாலேயே கரண்டும் வரும்.

"ராஸ்தா போட்டுருவாங்களா சாப்?" என்று சேக் தாவூத் இரண்டு தரம் கேட்டான். அவன் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து சுமந்து கழுத்து உள்ளே போய்விட்டது என்று அவன் பெண்டாட்டி மஸூதாவே கேலி செய்வாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸர் மேட்டின் மேலேயே இருந்தார். கீழே ஆட்கள் வாசலுக்கு வருவதையும், மரகதம் தொடங்குவதையும், வரிசை வரிசையாக ஹாஜிர் கேட்பதையும் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகம் புதையல் எடுத்தவன் முகம்போல் இருந்தது. நேரே மரகதத்திடம் வந்தார்.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க பாட்டன் சாப். டிக்ரி சாமி அந்தியில எண்ணிப் பாக்கும், வாசல்ல இல்லாதவனை மறந்துரும்னு சொல்லுவாரு."

"சாமி இல்லம்மா" என்றார் அவர். சந்தோஷத்தில் அவருக்குக் குரலை அடக்கத் தெரியவில்லை. "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஜெயில் இலாகாவுல இருந்தவன். பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. மேல ஏறி நின்னா ஒரு வாசல்கூட மறையல. அப்படிப் பாத்துக் கட்டியிருக்கான் வெள்ளைக்காரன். அந்த வளையத்துல மணி தொங்கியிருக்கும். மணி அடிச்சா ஜமேதார் மேல நின்னு எண்ணுவான். உங்க பாட்டனாருக்கு நிலம் குடுத்தாங்க, கல்யாணம் பண்ணிக்க விட்டாங்க, ஆனா ஆள் என்னவோ கைதிதான். ஓடிப்போகலன்னு தினமும் வாசல்ல நின்னு காட்டணும். வெள்ளைக்காரன் போயிட்டான், ஜப்பான்காரன் வந்துட்டுப் போயிட்டான், சுதந்திரமும் வந்துடுச்சு. நீங்க இன்னும் கணக்கு குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க! இந்த மாதிரி ஒண்ணு எங்கயுமே இருக்காது!"

தங்கள் பாட்டன்மார் விலங்கோடு கப்பலில் வந்தவர்கள் என்பது ஊருக்குத் தெரியாததல்ல. அதில் ஒளிவுமறைவு இல்லை, வெட்கமும் தேய்ந்துபோய் நாளாயிற்று. ஆனால் இது யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளையைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, ஜமேதார் எண்ணுகிறான் நில்லு என்று சொல்ல எந்த அப்பனுக்குத்தான் மனசு வரும்? சாமி எண்ணுகிறது என்று சொல்லியிருப்பார்கள். அப்புறம் ஜப்பான்காரன் காலத்தில் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். சொன்ன பொய் மட்டும் தங்கிவிட்டது.

மரகதம் திரும்பி நடந்தாள். உள்ளே போய், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அசதிதான். தப்பான ஆபீஸ் வாசலில் ஒன்பது வருஷம் மனுவை நீட்டிக்கொண்டு நின்றவளின் அசதி.

மறுநாள் அந்தியில் பாதி வாசல்கள் காலி. இளவட்டங்கள் மேட்டைப் பார்த்துக் கையை நெற்றியில் வைத்து, "சலாம் ஜமேதார் சாப்!" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். சேக் தாவூத் தன் கடை வாசலில் நின்று, அவுலியா போனால் போகட்டும், ராஸ்தா வந்தால் சரி என்றான். சொன்ன கையோடு பயந்துபோய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். மரகதம் வாசலுக்கு வந்தாள். வராமல் இருக்கக் கால் பழகவில்லை. பழக்கத்தில் மூன்று பேரையும் சொன்னாள். மூன்றாவது பேரைச் சொல்லும்போது எதிரே இருந்தது ஒரு பட்ட மரமும் ஒரு வளையமும்தான். அவளுக்கு நாக்கு கூசியது.

அதற்கு மறுநாள் அவள் இரண்டாவது பேரோடு நிறுத்திப் பார்த்தாள். இன்னும் மோசமாக இருந்தது. பேரை விட்டுவிட்டால் அவன் எங்கே போவான்? வீட்டிலும் இல்லை, செத்தவர்கள் பக்கத்திலும் இல்லை. நடுக்கடலில் விட்டது போதாதென்று நடுவாசலிலும் விட்டதுபோல் ஆகிவிடுமே. திரும்பவும் வாசலுக்கு ஓடி வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "உதயசூரியன், ஹாஜிர்" என்றாள். கட்டிலில் படுத்திருந்த சொக்கலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீஸர் அந்த வாரமே மறுபடி வந்தார். மெயின்லேண்டிலிருந்து வருகிற அடுத்த கப்பலில் பெரிய மனிதர்கள் சிலர் வருகிறார்களாம். ஊரைப் பார்த்து அவர்கள் தலையசைத்தால் போதுமாம். அந்திக் கணக்கை அந்தக் காலத்தில் நடந்தபடியே அவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும். தன் ஆபீஸ் பியூன் கோவிந்தராஜுக்குக் காக்கிச் சட்டையும் தலைப்பாகையும் கட்டி ஜமேதாராக மேட்டில் நிறுத்தப்போவதாகச் சொன்னார். அவன் வீட்டைக் கூப்பிடுவான், வீட்டுக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வீடு சொல்லாமல் மற்ற வீடுகள் சொல்லாது. அதனால் ஊரே மரகதத்தின் வாசலில் வந்து நின்றது. அக்கா, ஒரே ஒரு நாள்தானே என்றார்கள். பிரசவ வலியோடு ஒருத்தியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனோமே, ரோடு இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளே என்றாள் மஸூதா. அது உண்மை. மரகதமே அந்தக் கட்டிலுக்குப் பின்னால் அழுதுகொண்டு நடந்தவள்தான்.

"நிக்கிறேன், போங்க" என்றாள்.

எல்லாரும் போன பிறகு ஆபீஸர் மட்டும் தயங்கி நின்றார். மகன் விஷயத்தை சேக் தாவூத் அவர் காதில் போட்டிருந்தான். மனுஷன் கெட்டவரில்லை. முகம் சுருங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கு உங்க முன்னாடி அப்படிக் குதிச்சிருக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேர் பேரை மட்டும் சொல்லுங்க, போதும். மூணாவதை விட்டுடுங்க."

"விட்டுட்டா எப்படி சாப்?" என்றாள் மரகதம். மேட்டைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல வீட்டுல ஒருத்தர் செத்துட்டா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு செத்துட்டான்னு வாயால சொல்லணும். ஜெயில்னாலும் அப்படித்தான், ஒருத்தர் பொறுப்பா சொல்லணும். அதுவரைக்கும் அவன் கணக்குலதான் இருப்பான்."

"யாரும் சொல்லலன்னா?"

"அப்போ ஓடிப்போயிட்டான்னு ஆயிடும்மா. தேடுவாங்க."

மரகதம் தலையாட்டினாள்.

அன்று சாப்பிடும்போது சொக்கலிங்கம் வெகுநாளைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தார். கேட்கவில்லை, சும்மா சொன்னார்.

"நானும் சிப்பிகாட்டுக்குப் போறப்பல்லாம் கழியோரமா பாத்துக்கிட்டேதான் போறேன் மரகதம். இம்புட்டு வருசத்துல ஒருநாளு கூடப் பாக்காமப் போனதில்ல. எனக்கு மட்டும் அவன் வேணாம்னா இருக்கு? கால் இழுக்குது இப்பல்லாம். நான் போயிட்டா அவனுக்குத் தண்ணி விட ஆளு இல்ல. அதான்."

இந்த ஆள் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதே மரகதத்துக்கு இப்போதுதான் தெரியும். தான் மட்டும்தான் காத்திருக்கிறோம் என்ற இறுமாப்பில் பக்கத்தில் இருந்தவரைப் பார்க்காமலே போயிற்று. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். சிப்பிகாட்டிலிருந்து நடந்து வந்ததில் பாதி உயிர் போயிருந்தது. அவர்களுக்கு மேட்டடியில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கியது. ஒரு அம்மாள் பலகைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, எத்தனை அழகு, இங்கேயே இருந்துவிடலாம்போல் இருக்கிறது என்றாள். அவளுக்கு மழைக்காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. வீடுவீடாக ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். ரோட்டுக்காகத்தான் வந்தார்கள். என்றாலும் வந்து நின்றதும் எல்லார் தலையும் தானாகக் குனிந்தது. மேட்டில் தலைப்பாகை கட்டின கோவிந்தராஜ் நின்றான். சட்டை அவனுக்குப் பெரிதாக இருந்தது. கையில் ஒரு தடி. வெட்கத்தை மறைக்க உரக்கக் கத்தினான்.

"முதல் வீடு!"

"சொக்கலிங்கம், ஹாஜிர்" என்றாள் மரகதம். பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

"மரகதம், ஹாஜிர்."

ஆபீஸர் சொல்லிக்கொடுத்திருந்தபடி கோவிந்தராஜ் அடுத்த வீட்டைக் கூப்பிட வாயைத் திறந்தான். மரகதம் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

சாமியிடம் இருக்கிறான் என்று சொல்லலாம். அது பொய்யாகாது. சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே, தெரிந்தும் தாய் கேட்கிறாளே என்று இரங்கும். மேலே நிற்பது சாமியில்லை. தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் வாங்கிவருகிற பியூன். அவனிடம் போய் என் பிள்ளை இருக்கிறான் என்று சொன்னால் அது வெறும் பொய். விட்டுவிட்டால் அவன் ஓடிப்போனவன். அவள் பிள்ளை ஓடிப்போகவில்லை. தாய் தகப்பனை விட்டு ஓடுகிற பிள்ளையில்லை அவன். அந்த அவப்பேர் அவனுக்கு எதற்கு?

"உதயசூரியன்" என்றாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஊரே அந்தப் பழைய சொல்லுக்காகக் காத்திருந்தது. அவள் சொக்கலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உதயசூரியன் செத்துட்டான், ஜமேதார் சாப். கடல்ல போனான். பத்தொம்பது வயசு. நாந்தான் பெத்தவ, நாந்தான் சொல்றேன். பேரை எடுத்துருங்க."

கோவிந்தராஜ் மேட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தடியைக் கீழே வைத்தான். ஆபீஸர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. முதலில் அந்த அம்மாள் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். என்ன தத்ரூபம், என்ன நடிப்பு என்று பேசிக்கொண்டார்கள். ஊர் ஜனங்களில் ஒருவர்கூட அசையவில்லை. சொக்கலிங்கம் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை.

கேமராக்காரர் ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தார்.

"ரொம்பப் பிரமாதம்மா. வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. முகத்தை இந்தப் பக்கமா வெச்சுக்கிட்டு, அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?"

ஆபீஸர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். அதற்குள் மரகதம் அந்த மனிதரை ஏறிட்டுப் பார்த்துவிட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. கோபத்துக்கெல்லாம் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"முடியாது சாப்" என்றாள். "ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு."

அவள் புருஷனைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது வீட்டு வாசலில் சேக் தாவூத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தன் வீட்டுப் பேர்களைத் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.